இழுத்துப் பிடித்தால் ஓடாது: பந்தயக் கேட்டமரானில் பாயும் சுக்கானும்

ஃபைபர் வள்ளத்தில் அவுட்போர்டு பிடித்துப் பழகிய கை கேட்டமரானில் ஏறியதும் ஒரே தப்பைத்தான் திரும்பத் திரும்பச் செய்யும். பாயை முடிந்த மட்டும் இறுக்கிக் கட்டிவிட்டு, மிச்சத்தைச் சுக்கானால் சமாளிக்கப் பார்க்கும். எஞ்சினில் பிடியை முறுக்கினால் வேகம் வரும். பாயில் அப்படி முறுக்க எதுவும் கிடையாது. பாயின் இரு முகத்தையும் தழுவிக்கொண்டு காற்று தடையில்லாமல் வழிந்தால் வேகம் வரும். இறுக்கம் கூடினால் அந்த வழிதல் அறுந்துபோகும், சுக்கானை ஆட்டினால் வந்த வேகமும் தண்ணீரில் கரையும். பாயைப் பிடித்த கையும் சுக்கானைப் பிடித்த கையும் ஒன்றாக வேலை செய்யப் பழகுவதற்கான வழிகாட்டி இது.

கட்டுமரம் என்ற நம் ஊர்ச் சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய், இரட்டை ஹல் (ஹல் என்றால் படகின் மிதக்கும் உடல்) படகுக்குப் பெயராகித் திரும்பி வந்திருக்கிறது. பெயர் நம்முடையது என்றாலும் வடிவம் நம்முடையதல்ல. நம் கட்டுமரத்துக்கு ஹல்லே கிடையாது, தடிகளைச் சேர்த்துக் கட்டியதுதான். இரண்டு ஹல்லைக் குறுக்குக் கம்பால் பிணைக்கும் முறை பசிபிக் தீவுக்காரர்களுடையது. ஆகவே கட்டுமரத்தில் பாய் வைத்து ஓடிய பெரியவர்களிடம் காற்றையும் நீவாடு என்னும் கடல் நீரோட்டத்தையும் பற்றிக் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். பாய் வைக்கும் முறையைப் புதிதாகத்தான் படிக்க வேண்டும்.

இங்கே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளும் படகு ஹோபி 16. நீளம் 5.05 மீட்டர், அகலம் 2.41 மீட்டர், எடை 145 கிலோ. இரண்டு பாயும் சேர்ந்து ஏறத்தாழ 20 சதுர மீட்டர். ஓட்ட இரண்டு பேர் வேண்டும். அடியில் இறக்கும் நடுப்பலகை இதில் இல்லை. வாழைப்பழம்போல் வளைந்த ஹல்லின் ஒரு பக்கத் தட்டைதான் படகு பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கிறது. மற்ற இரட்டை ஹல் படகுகளுக்கும் கீழே சொல்பவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

சில சொற்களை முதலில் முடிவு செய்துகொள்வோம். காற்று வரும் பக்கம் காற்றுமுகம், அது போகும் பக்கம் ஒதுக்கு. மேல்பக்கம், கீழ்பக்கம் என்று சொன்னால் நம் கரையில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றோடு குழப்பம் வரும். படகின் முன்முனை அணியம். பெரிய பாய் மெயின், முன்னால் இருக்கும் சின்னப் பாய் ஜிப். பாயை உள்ளே இழுக்கும் கயிறு ஷீட். மெயின்ஷீட் மாட்டிய வண்டி பின் குறுக்குக்கம்பில் இடம் வலமாக ஓடும், அது டிராவலர்.

எங்கே, எப்போது

புதியவருக்கு ஏற்றது மார்கழி முதல் பங்குனி வரையான பகல்கள்தான். குமரி மாவட்டத்தின் முட்டம், குளச்சல் பக்கம் காலையில் கரைக்காற்று மெல்ல வீசும். வெயில் ஏறிய பிறகு கடல்காற்று எழும்பும். இரண்டுக்கும் நடுவே காற்று செத்துக் கிடக்கும் ஒரு மணி நேரம் லேசான காற்றில் பாய் வைத்துப் பழக மிக நல்லது. அந்த மாதங்களிலும் குமரிக்கடலுக்குப் பலத்த காற்று எச்சரிக்கை வரும் நாட்கள் உண்டு. வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் படகைத் தண்ணீரில் தள்ளக்கூடாது.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். துறைமுகத்தில் படகுகள் அடைந்து கிடக்க, கடல் காலியாக இருப்பதைப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் ஆனி, ஆடிக் கடல் பழகுகிறவருக்கானது அல்ல. அப்போது சின்னமுட்டம், வட்டக்கோட்டை பக்கம் போனால் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். அதுவும் ஏமாற்று. காற்று கரையிலிருந்து கடலுக்குள் அடிப்பதால்தான் கரையோரம் அலை இல்லை. பாயில் ஏதாவது அறுந்தால் படகு நேராக வெளிக்கடலுக்குப் போய்விடும். இந்தியக் கடல்சார் தகவல் மையம் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுத்திருந்தால், கரை அமைதியாகத் தெரிந்தாலும் படகை இறக்க வேண்டாம். காற்றே இல்லாத நாளிலும் தொலைவில் கிளம்பிய அலை திடீரென்று வந்து அடிக்கும் என்பதால்தான் அதற்கு அந்தப் பெயர்.

மணக்குடிக் காயலில் திருப்பம் பழகலாம் என்று நினைப்பவர்கள் பாய்மரம் 8 மீட்டர் உயரம் என்பதை மறக்கக்கூடாது. பாலம், மின்கம்பி இரண்டுக்கும் பக்கத்திலேயே போகாதீர்கள். அலுமினியப் பாய்மரம் கம்பியைத் தொடவே வேண்டாம், நெருங்கினாலே போதும். கரையில் படகை உருட்டிக்கொண்டு போகும்போதும் தலைக்கு மேலே ஒருவர் பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

கரையிலிருந்து இழுக்கும் கரமடி வலையை வளைத்திருக்கும் இடத்தில் கரைக்கும் வலைக்கும் நடுவே ஓட்டாதீர்கள். மிதவைகள் வரிசையாகத் தெரிந்தால் சுற்றிப் போங்கள். சுக்கானில் வலை மாட்டினால் உங்கள் பயிற்சி கெடும், அவர்களுக்கோ அன்றைய பிழைப்பே போகும்.

கரையிலேயே பாதி வேகம்

பாய் ஏற்றியதும் மெயின் உச்சியில் இருக்கும் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றுக்கயிற்றை இளக்கிப் பார்த்தால் பாய் கீழே வழுகக்கூடாது. கொக்கி மாட்டாமல் பாய் இரண்டு அங்குலம் இறங்கி நின்றால் பாயைக் கீழே இழுக்கும் டவுன்ஹால் கயிற்றை எவ்வளவு இழுத்தும் பயன் இருக்காது. ஜிப்பின் முன்விளிம்புக் கம்பி விறைப்பாக நிற்க வேண்டும். அது தொய்ந்தால் ஜிப்புக்கு வயிறு விழும், காற்றை நோக்கி ஏறும் கோணமும் குறையும்.

மெயினில் குறுக்கே செருகியிருக்கும் பட்டைகள்தான் பேட்டன்கள். உறையின் சுருக்கம் மறையும் வரை இறுக்கினால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் பாய் தேவைக்கு அதிகமாகக் குடையும். லேசான காற்றில் திரும்பும்போது வளைவு மறுபக்கம் புரளாமல் அப்படியே நிற்கும். புரளாத வளைவை, மெயினின் அடியில் கிடக்கும் கம்பான பூமைப் பிடித்து ஒரு வெட்டு வெட்டிப் புரட்டிவிட வேண்டும்.

டவுன்ஹால் பாயின் முன்விளிம்பைக் கீழ்நோக்கி இழுக்கும் கயிறு. புதியவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். இழுத்தால் பாயின் வயிறு முன்னால் நகரும், பாய் தட்டையாகும், உச்சியின் பின்விளிம்பு திறந்துகொள்ளும். லேசான காற்றில் பாய்மரத்தை ஒட்டிச் சின்னச் சுருக்கங்கள் தெரியும் அளவு விட்டுவைக்கலாம். நடுத்தரக் காற்றில் சுருக்கம் மறையும் வரை இழுங்கள். காற்று பலத்தால் உடல் எடையைப் போட்டு இழுங்கள். அவுட்ஹால் பாயின் அடிமூலையைப் பூமின் கடைசிக்கு இழுப்பது. காற்றை எதிர்த்துப் போகையில் பாயின் அடிவிளிம்புக்கும் பூமுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருக்கட்டும். பலத்த காற்றில் அதையும் இழுத்து மூடிவிடலாம். பின்காற்றில் ஓடும்போது தாராளமாக இளக்கலாம்.

பிறகு சுக்கான்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். முன்விளிம்புகளுக்கு நடுவே உள்ள தூரத்தையும் பின்விளிம்புகளுக்கு நடுவே உள்ள தூரத்தையும் டேப் வைத்து அளங்கள். முன்னால் 3 மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் நல்லது, அதற்கு மேல் வேறுபட்டால் இரண்டு சுக்கானும் ஒன்றையொன்று எதிர்த்து உழும். இணைப்புக் கம்பியின் முனையில் ஆட்டம் இருந்தால் புஷ்ஷை மாற்றுங்கள். ஒவ்வொரு சுக்கானும் கீழே முழுதாக இறங்கிப் பூட்டியிருக்க வேண்டும். பாதி தூக்கி நிற்கும் சுக்கான் கையைப் பிய்த்துவிடும். ஓட்டுபவர் பாயில்தான் கோளாறு என்று நினைத்துப் பாயை நோண்டிக்கொண்டிருப்பார்.

பாய்மரம் எவ்வளவு பின்னால் சாய வேண்டும் என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் எண் கிடையாது. நடுத் துளையில் தொடங்குங்கள். பின்னால் சாயச் சாயப் படகு காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும், அணியம் தண்ணீரில் புதைவது கொஞ்சம் குறையும். அதிகம் சாய்த்தால் மெயின்ஷீட்டின் மேல் கப்பியும் கீழ்க் கப்பியும் முட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு இழுக்க இடம் இருக்காது. எந்தத் துளை என்பதை எழுதி வையுங்கள்.

நூல் சொல்வதைக் கேட்க

ஜிப்பின் முன்விளிம்பிலிருந்து 20 முதல் 25 சென்டிமீட்டர் உள்ளே, உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் ஒன்றும் மூன்றில் இரண்டு பங்கில் ஒன்றுமாக நூல் ஒட்டுங்கள். இரு முகத்திலும் ஒட்ட வேண்டும். ஒரு முகத்தில் சிவப்பு, மறு முகத்தில் பச்சை. கம்பளி நூல் உப்புத்தண்ணீரில் ஊறிப் பாயோடு ஒட்டிக்கொள்ளும், ஆகவே பழைய நைலான் குடைத்துணியை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து ஒட்டினால் நீடித்து உழைக்கும். மெயினின் பின்விளிம்பில், மேலிருந்து இரண்டாவது பேட்டன் முனையில் ஒரு நாடா. முன்னால் ஜிப்பைத் தாங்கும் கம்பிகள் சேரும் இடத்தில் காற்றுத்திசை காட்டும் ஓர் இறகு. கருவி இவ்வளவுதான்.

படிக்கும் முறை சுலபம். காற்றுமுகப் பக்க நூல் துள்ளினால் காற்றை மிகவும் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். ஒதுக்குப் பக்க நூல் துடித்தால் பாயின் பின்முகத்தில் காற்று அறுந்துவிட்டது, அதாவது காற்றை விட்டு மிகவும் விலகிவிட்டீர்கள் அல்லது பாயை இறுக்கிவிட்டீர்கள். எந்தப் பக்க நூல் துள்ளுகிறதோ துடிக்கிறதோ அந்தப் பக்கமாகச் சுக்கான் கட்டையை ஒரு விரல் அளவு நகர்த்துங்கள். மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். துள்ளுவதை விடத் துடிப்பதுதான் ஆபத்து. காற்றுமுக நூல் துள்ளும்போது பாய் படபடப்பதால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒதுக்கு நூல் துடிக்கும்போது பாய் அழகாக நிறைந்து நிற்பதுபோல் தெரியும், படகு மட்டும் ஓடாது.

மேல் நூலும் கீழ் நூலும் ஒரே நேரத்தில் துள்ள வேண்டும். மேல் நூல் முந்தினால் ஜிப்பின் உச்சி அதிகம் திறந்திருக்கிறது, ஷீட் ஓடும் கப்பியை ஒரு துளை முன்னால் நகர்த்துங்கள். கீழ் நூல் முந்தினால் பின்னால் நகர்த்துங்கள்.

படகு உண்டாக்கும் காற்று

ஆரல்வாய்மொழிச் சாலையில் ஆடிக்காற்றில் பைக் ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நின்றால் பக்கத்திலிருந்து தள்ளும் காற்று, ஓடத் தொடங்கியதும் முன்னாலிருந்து வருவதுபோல் முகத்தில் அறையும். படகிலும் அப்படித்தான். 10 நாட் காற்று நேர் பக்கத்திலிருந்து வர, படகும் 10 நாட் ஓடினால், பாய்க்குப் படுவது 14 நாட் காற்று, அதுவும் முன்பக்கம் 45 பாகைக் கோணத்தில். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். வேகம் கூடினால் பாய்க்குக் கிடைக்கும் காற்றும் கூடும், அதன் திசையும் முன்னால் நகரும். ஆகவே வேகம் பிடித்ததும் பாயை உள்ளே கொண்டுவர வேண்டும், வேகம் விழுந்ததும் வெளியே விட வேண்டும். ஒருமுறை கட்டிவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தால் பத்தே விநாடியில் பாய் பொருந்தாமல் போய்விடும்.

நேர் பின்காற்றில் இந்த விளையாட்டு தலைகீழ். 10 நாட் காற்றில் 6 நாட் ஓடும் படகில் பாய்க்கு மிச்சம் இருப்பது 4 நாட் மட்டுமே.

காற்றை எதிர்த்து ஏறும்போது

புதியவருக்கு அதிக தூரம் விரயமாவது இங்கேதான், ஆகவே இதில் கொஞ்சம் நின்று பார்ப்போம். காற்றுத் திசைக்கு 45 முதல் 50 பாகைக் கோணத்தில் ஓடுவது இயல்பு. அதைவிட நெருங்கி ஓட முயன்றால் அணியம் குறியை நோக்கித்தான் நிற்கும், ஆனால் வேகம் விழுந்து படகு நண்டுபோல் பக்கவாட்டில் நழுவும். நடுப்பலகை இல்லாத ஹல் வேகமாக ஓடினால்தான் பக்கவாட்டுப் பிடிமானம் கொடுக்கும்.

நழுவுகிறதா என்பதைக் கண்டுபிடிக்க நம் கடல்காரர் வைத்திருக்கும் வழியைவிடச் சிறந்த கருவி இல்லை. வலை போட்ட இடத்தை மறுநாள் கண்டுபிடிக்கக் கணியம் பார்ப்பார்களே, அதே கணியம்தான். முட்டம் கலங்கரை விளக்கத்தையும் அதற்குப் பின்னால் தெரியும் ஒரு குன்றையோ கோபுரத்தையோ ஒரே கோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் ஓட்டிவிட்டுக் கோடு எந்தப் பக்கம், எவ்வளவு திறந்தது என்று பாருங்கள். பிறகு 5 பாகை விலகி, வேகமாக ஓட்டி மறுபடி பாருங்கள். குறியை முறைத்து ஓட்டியதைவிட விலகி ஓட்டியபோது நழுவல் குறைந்திருக்கும். பந்தயத்தில் புறப்பாட்டுக் கோட்டுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம், நீவாடு எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதற்கும் இதே கணியம் பயன்படும்.

ஓடும் வரிசை இது:

1. ஜிப்பை முதலில் வையுங்கள். நான்கு நூலும் கிடையாக ஓடும் வரை இழுத்து நிறுத்துங்கள்.

2. டிராவலர் நடுவில் இருக்கட்டும். மெயின்ஷீட்டை இழுத்துக்கொண்டே மெயினின் பின்விளிம்பு நாடாவைப் பாருங்கள். அது பின்னோக்கிப் பறந்தால் சரி. பாய்க்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டே இருந்தால் இறுக்கம் அதிகம், ஒரு சாண் விடுங்கள். அவ்வப்போது ஒளிந்து மீண்டும் வெளிவருவது மிகச் சரியான இறுக்கம்.

3. சுக்கான் கட்டையை விரல்களால் மட்டும் பிடியுங்கள். படகு மெல்லக் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்க வேண்டும். அந்த லேசான இழுப்பு நல்லது.

4. இனி நூலைப் பார்த்து ஓட்டுங்கள். 5 விநாடி நூல், 2 விநாடி அலை, ஒரு பார்வை எதிராளி. மறுபடி நூல்.

லேசான காற்றில், அதாவது 6 நாட்டுக்குக் கீழே, மெயினை இறுக்கவே கூடாது. உச்சி சற்றுத் திறந்தே இருக்கட்டும். இருவரும் முன்னால் போய், கூட ஓட்டுபவர் ஒதுக்குப் பக்க ஹல்லில் பாய்மரத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம். பின்புறம் தண்ணீரை இழுத்துக்கொண்டு வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். களகளவென்று சத்தம் கேட்டால் இன்னும் முன்னால் போக வேண்டும். அசையாமல் இருப்பதும் ஒரு வேலைதான்.

7 முதல் 14 நாட் வரை இந்தப் படகுக்குச் சுகமான காற்று. வெள்ளை நுரை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தால் இந்த அளவு என்று வைத்துக்கொள்ளலாம். மெயினை நன்றாக இழுக்கலாம். காற்றுமுக ஹல் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் ஓட வேண்டும். அரை மீட்டர், முக்கால் மீட்டர் தூக்கிக் காட்டுவது புகைப்படத்துக்கு அழகு. பாய் சாய்ந்து காற்று வழிந்துபோவதால் வேகம் குறையத்தான் செய்யும்.

15 நாட் தாண்டினால் டவுன்ஹால் முழு இழுப்பு, டிராவலர் ஒரு சாண் ஒதுக்குப் பக்கம், இருவரும் டிரப்பீஸில் (பாய்மரத்திலிருந்து வந்து இடுப்பில் மாட்டும் கம்பி) தொங்கிப் பின்னால் நகர வேண்டும். மெயின்ஷீட்டை ஜாமில் (கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பல்) பூட்டி விடாதீர்கள், கையிலேயே இருக்கட்டும். படகு கவிழ்வது பெரும்பாலும் பூட்டிய ஷீட்டால்தான்.

வீச்சுக்காற்று வரும்போது

தண்ணீர் முகம் கறுத்து ஓடி வருவது முன்கூட்டியே தெரியும். கூட ஓட்டுபவர் வாய்விட்டு எண்ண வேண்டும்: மூன்று, இரண்டு, ஒன்று. அது தாக்கும் கணத்தில் மெயினை ஒரு முழம் விடுங்கள், வேகம் ஏறியதும் மெல்லக் காற்றை நோக்கி ஒரு கோடு ஏறுங்கள், ஹல் இறங்கத் தொடங்கியதும் விட்டதை இழுத்துக்கொள்ளுங்கள். விடு, ஏறு, இழு. வரிசை மாறி முதலில் சுக்கானால் ஏறினால் வீச்சின் பலம் வேகமாக மாறாது, வெறும் திருப்பமாகிப் போகும்.

காற்று பக்கத்திலிருந்தோ பின்பக்கத்திலிருந்தோ வரும்போது கதை வேறு. அங்கே ஏறினால் ஹல் இன்னும் எழும்பும். ஷீட்டை விட்டுக்கொண்டே காற்றை விட்டு விலகுங்கள்.

சுக்கான் ஒரு பிரேக்

கட்டையை எந்தப் பக்கம் தள்ளினாலும் தண்ணீரில் ஒரு பலகை குறுக்கே நிற்கிறது. படகைத் திருப்ப முதலில் பாயையும் உடல் எடையையும் பயன்படுத்துங்கள். மெயினை இறுக்கினால் படகு காற்றை நோக்கித் திரும்பும். மெயினை விட்டு ஜிப்பை வைத்திருந்தால் விலகும். சுக்கான் மிச்சத்தைச் செய்யட்டும்.

கட்டை கனமாக இழுக்கிறது என்றால் காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள்: சுக்கான் முழுதாக இறங்கிப் பூட்டியிருக்கிறதா, மெயின் இறுக்கம் அதிகமா, டவுன்ஹால் இளகிப் பாயின் வயிறு பின்னால் போய்விட்டதா, ஜிப் இளகியிருக்கிறதா, கடைசியாகப் பாய்மரச் சாய்வு. முதலிலேயே பாய்மரத்தைக் கழற்றப் போகிறவர்கள் ஒரு நாளை வீணாக்கிக்கொள்கிறார்கள். கட்டையை விட்டதும் படகு காற்றை விட்டு ஓடினால் அது வேகக் குறை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. ஆள் தண்ணீரில் விழுந்தால் படகு தானாக நிற்காது. பாய்மரத்தை ஒரு துளை பின்னால் சாயுங்கள்.

அலையில் நேராகப் பிடித்துக்கொண்டு போவதும் தப்பு. அலை ஏறும்போது மயிரிழை காற்றை நோக்கி, முகடு தாண்டும்போது மயிரிழை விலகி. குளச்சல், முட்டம் பாறைகளுக்குப் பக்கத்தில் முட்டித் திரும்பும் அலையும் வரும் அலையும் கலந்து கடல் கொதிக்கும். அங்கே எந்தச் சுக்கான் வித்தையும் பலிக்காது. மெயினை ஒரு சாண் விட்டு, 5 பாகை விலகி, பலத்தோடு அடித்துக்கொண்டு வெளியேறுங்கள்.

காற்றுக்குக் குறுக்கே திரும்புதல்

இரட்டை ஹல் படகு சோம்பேறியாகத் திரும்பும். தண்டவாளத்தில் ஓடுவதுபோல் நேராகப் போகத்தான் அதற்குப் பிடிக்கும். நல்ல வேகத்தோடு, மெயின் இறுக்கத்தோடு தொடங்குங்கள். கட்டையை மெதுவாகத் தள்ளத் தொடங்கி, படகு திரும்பத் திரும்ப அழுத்தத்தைக் கூட்டுங்கள். ஒரே தள்ளாகத் தள்ளினால் சுக்கான் தண்ணீரைக் கிழித்து நின்றுவிடும். ஜிப்பை அவிழ்க்க அவசரப்படாதீர்கள். அணியம் காற்றைக் கடந்ததும் ஜிப்பின் பின்முகத்தில் காற்று பட்டு அணியத்தைத் தள்ளிக்கொடுக்கும். அதே நேரத்தில் மெயினை ஒரு முழம் விடுங்கள். இதை விடாமல் வைத்திருந்தால் மெயின் காற்றுச்சேவல்போல் படகை மறுபடி காற்றுக்கு நேராக நிறுத்திவிடும். மெயினின் வளைவு புரண்டதும் ஜிப்பை மாற்றி இழுத்து, கொஞ்சம் விலகியே ஓடி வேகம் எடுத்து, பிறகு ஏறுங்கள்.

நடுவில் மாட்டி நின்றுவிட்டால் பதற வேண்டாம். மெயினை முழுதாக விடுங்கள். படகு பின்னோக்கி நகரத் தொடங்கும். அணியம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கமே கட்டையைத் தள்ளுங்கள். ஜிப்பை அதற்கு எதிர்ப் பக்கம் கையால் இழுத்துப் பிடியுங்கள். பின்னோக்கிப் போகையில் சுக்கான் தலைகீழாக வேலை செய்யும் என்பதை மறந்துதான் பலரும் நிமிடக்கணக்கில் அங்கேயே நிற்கிறார்கள்.

பின்காற்றில்

குறி நேர் பின்காற்றில் இருந்தாலும் அதை நோக்கி நேராக ஓட்டாதீர்கள். வலமும் இடமுமாக வளைந்து போங்கள். டிராவலரை ஒதுக்குக்கோடி வரை விடுங்கள், டவுன்ஹாலையும் அவுட்ஹாலையும் இளக்குங்கள். முன்னால் இருக்கும் இறகு படகுக்கு நேர் குறுக்காக, 90 பாகையில் நிற்கும்படி ஓட்டுவதுதான் அடிப்படை. முதலில் கொஞ்சம் ஏறி வேகம் எடுங்கள். வேகம் வந்ததும் இறகு முன்னால் நகரும். அது நகர்ந்த அளவுக்குக் குறியை நோக்கி இறங்குங்கள். ஜிப் தளர்ந்தால் இறங்கியது அதிகம், மறுபடி ஒரு விரல் ஏறுங்கள். மேலிருந்து பார்த்தால் பாம்பு போன தடம்போல் இருக்க வேண்டும்.

லேசான காற்றில் இருவரும் முன்னால். காற்று ஏறினால் இருவரும் பின்னால், பின் குறுக்குக்கம்பு வரை. ஒதுக்குப் பக்க அணியத்தைக் கண்ணை எடுக்காமல் பாருங்கள். அது தண்ணீருக்குள் நுழையத் தொடங்கினால் முதலில் ஜிப்பை விடுங்கள், பின்னால் பாயுங்கள், காற்றை விட்டு விலகுங்கள். அணியம் முழுதாகப் புதைந்துவிட்டால் பின்புறம் மேலெழும்பிப் படகு குட்டிக்கரணம் போடும். ஹோபி 16 இதற்குப் பேர் போனது.

பின்காற்றில் பாயை மறுபக்கம் மாற்ற மெதுவான வளைவு போதும். முழு வேகத்தில் மாற்றுவதுதான் பத்திரம், அப்போது பாய்க்குப் படும் காற்று குறைவு. மெயின்ஷீட் கயிறுகளை ஒரு கைப்பிடியாகச் சேர்த்துப் பிடித்துப் பாயைக் கையாலேயே மறுபக்கம் கொண்டுவாருங்கள். தலையைக் குனிய மறக்காதீர்கள்.

கவிழ்ந்தால் படகை விட்டு நீந்தாதீர்கள். ஷீட்டுகளை எல்லாம் அவிழ்த்துவிட்டு, அணியத்தைக் காற்றை நோக்கித் திருப்பி, நிமிர்த்தும் கயிற்றைப் பிடித்து இருவரும் பின்னால் சாய்ந்து தொங்குங்கள். இருவர் எடையும் சேர்ந்து 130 கிலோவாவது இருந்தால் தூக்கலாம். அதைவிட லேசான ஜோடி துணைப்படகு இல்லாமல் வெளியே போகக்கூடாது.

பழகும் முறை

ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இன்னொரு கேட்டமரான் கிடைத்தால் இரண்டும் நாலு படகு நீள இடைவெளியில் பக்கத்துப் பக்கத்தில் 5 நிமிடம் ஓடட்டும். ஒருவர் எதையும் தொடக்கூடாது, மற்றவர் டவுன்ஹாலை மட்டும் மாற்றுவார். யார் முன்னே போனார், யார் மேலே ஏறினார் என்று எழுதிக்கொண்டு, பிறகு வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். கயிறுகளில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வைத்தால் நேற்று எங்கே இருந்தது என்ற சண்டை வராது.

கரையேறியதும் டவுன்ஹாலையும் பேட்டன் கட்டுகளையும் இளக்கிவிட்டுத்தான் பாயைச் சுருட்ட வேண்டும். இழுப்பிலேயே கிடந்தால் துணி அந்த வடிவத்திலேயே நீண்டுபோகும். கப்பிகள், டிராவலர் தண்டவாளம், சுக்கான் பூட்டு மூன்றையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பும் மணலும் காய்ந்து இறுகிய டிராவலர் மறுநாள் வீச்சுக்காற்றில் நகராமல் நிற்கும்போதுதான், முந்தின நாள் மிச்சம் பிடித்த ஒரு வாளித் தண்ணீரின் விலை தெரியும்.